மூடி போட்டு எடுத்த படம்

“சார், நீங்க காட்டின படம் பொய்யா?”

கேட்டவள் ஆறாம் ஆண்டு மாணவி. இரட்டைச் சடை. கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியின் திடல். பிப்ரவரி மாதம், இரவு ஒன்பது மணி. ஓரியன் விண்மீன் கூட்டம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நின்றது. அன்று மழை இல்லை, புகைமூட்டமும் இல்லை. இந்த நாட்டில் தொலைநோக்கி வைத்திருப்பவனுக்கு இப்படி ஓர் இரவு வாய்ப்பது லாட்டரி விழுந்த மாதிரி.

அதற்கு அரை மணி நேரம் முன்னால், பள்ளி மண்டபத்தில் பெரிய திரையில் ஒரு படம் காட்டியிருந்தேன். நானே எடுத்த ஓரியன் நெபுலா. சிவப்பும் ரோஜா நிறமும் கலந்து, நடுவில் வெளுத்து, இதழ் விரித்த பூ மாதிரி இருக்கும். பிள்ளைகள் “வா…வ்” என்று கூவினார்கள். பிறகு திடலுக்கு வந்து வரிசையாக நின்று, எட்டு அங்குலத் தொலைநோக்கியில் அதே நெபுலாவைப் பார்த்தார்கள்.

“தெரியுதா?”

“தெரியுது சார்!”

“சூப்பர் சார்!”

இருபது, முப்பது பேர் அப்படியே சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இவள் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று நீண்ட நேரம் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இறங்கி வந்து சொன்னாள்:

“புகை மாதிரி ஒன்னு இருக்கு சார். நடுவுல சின்னச் சின்னதா நாலு புள்ளி இருக்கு. கலரே இல்ல. நீங்க காட்டினதுல செவப்பா, பூ மாதிரி இருந்துச்சே…” அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“கண்ணுக்கு அவ்வளவுதாம்மா தெரியும். கேமராவுக்கு அதிகமா தெரியும்,” என்றேன். சொன்னதில் தவறில்லை. அவள் தலையாட்டினாள். ஆசிரியை அடுத்த பிள்ளையை அழைத்தார்.

ஆனால் அவள் கேட்டது எனக்குள் இரண்டு கேள்விகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்றுக்குத்தான் பதில் சொல்லியிருந்தேன். மற்றதை மறைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

*

என் திருமணத்தில் காலை பத்தரை மணிக்கு ஐயர் எங்கள் இருவரையும் கோயில் மண்டபத்துக்கு வெளியே அழைத்துப்போய், வெயிலில் கையை உயர்த்தி, “அதோ அருந்ததி. தெரியுதா?” என்று கேட்டார். “தெரியுது” என்றோம். ஒளிப்பதிவாளர் “இன்னொரு தடவை பாருங்க” என்றார். இன்னொரு தடவையும் தெரிந்தது. பகலில் அருந்ததி தெரியாது என்பது ஐயருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், வீடியோ எடுத்தவருக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அது சடங்கு.

பல ஆண்டுகள் கழித்து, இருட்டான ஓர் ஊரில், வடக்கு வானில் சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிட்டரையும் அவரை ஒட்டி மங்கலாக நிற்கும் அருந்ததியையும் வெறுங்கண்ணால் பார்த்தேன். உடனே மனைவியைக் கூப்பிட்டேன். “அன்னிக்குத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டோமே,” என்றாள்.

“தெரியுது சார்” என்று சொன்ன பிள்ளைகளை நினைக்கும்போது அந்தக் காலை ஞாபகம் வருகிறது. அவர்களும் ஒரு சடங்கைத்தான் செய்தார்கள். திரையில் படம் காட்டியாகிவிட்டது. இப்போது துளைக்குள் பார்த்தால் அது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் குறை தன் கண்ணில்தான். அப்படி நினைக்கத்தான் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். கல்யாணச் சடங்கில் எல்லோருக்கும் உண்மை தெரியும், அதனால் அதில் குற்றமில்லை. பள்ளித் திடலில் பிள்ளைகளுக்கு அது சடங்கு என்றே தெரியாது.

*

முதலில், பதில் தெரிந்த பாதி. நிறம் பொய்யா?

நம் கண்ணின் விழித்திரையில் இரண்டு வகை உணர் செல்கள் உண்டு. நிறம் காண்பவை கூம்பு செல்கள். அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலான ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இருட்டில் இருபது, முப்பது நிமிடம் நின்ற பிறகுதான் கோல் செல்கள் முழுதாக விழிக்கும். விழித்தாலும் உலகத்தைச் சாம்பல் நிறத்தில்தான் காட்டும். ஓரியன் நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் ஒளி. அந்தச் சிவப்புக்குக் கோல் செல்கள் கிட்டத்தட்டக் குருடு. ஆக, சிவப்பு அங்கே இருக்கிறது. அந்தச் சிறுமியின் கண்ணுக்குள்ளும் வந்து விழுந்தது. அதை வாங்கிக்கொள்ளும் பாத்திரம்தான் அங்கே இல்லை.

கேமராவுக்கு வேறொரு வசதி உண்டு. கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்ததைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேமரா பீப்பாயை வைத்து மழைநீர் பிடிப்பதுபோல நிமிடக்கணக்கில் பிடித்துச் சேர்க்கும். ஓரியன் நெபுலா சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பல்லவர்கள் காஞ்சியில் ஆண்டபோது புறப்பட்ட ஒளி அது. அவ்வளவு தூரம் வந்ததை இரண்டு நிமிடம் காத்திருந்து வாங்குவதில் என்ன பொய்?

“கை வைக்காத அசல் படம் காட்டு” என்று சிலர் கேட்பார்கள். அப்படி ஒன்று இல்லை என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாடம். கேமராவின் உணரிக்கு நிறமே தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு வடிகட்டி ஒட்டியிருக்கும். ஒரு புள்ளி ஒரு நிறத்தைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்து வீட்டுப் புள்ளிகளிடம் கேட்டுக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படத்திலும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குத்தான். அதை யாரும் பொய் என்பதில்லை.

கேமரா வருவதற்கு முன் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார்கள். அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845இல் தன் பெரிய தொலைநோக்கியில் பார்த்து எம்51 என்ற நெபுலாவைச் சுருள் வடிவில் வரைந்தார். அது வேறொரு விண்மீன் மண்டலம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கோடு சரியா என்று கேட்டால், அவர் கண்ணையும் கையையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. 1880 செப்டம்பர் 30ஆம் தேதி, நியூயார்க்கில் மருத்துவரான ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். சுமார் ஐம்பது நிமிடம் ஒளியை விழவிட்டும் கலங்கலாகத்தான் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் பதிந்திருந்தன. அதுவரை கண்தான் படத்துக்குச் சாட்சி. அன்றிலிருந்து கண் காணாததற்கும் படம் சாட்சி சொல்லத் தொடங்கியது. காமனும் தொழில்முறை வானியலாளர் அல்லர். சுகாதாரப் பொறியாளர். வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருந்தவர்.

எனவே “கண்ணால் கண்டது மட்டுமே உண்மை” என்று அந்தச் சிறுமிக்கு நான் சொல்லிக்கொடுக்க முடியாது. அது காமனுக்குச் செய்யும் துரோகம்.

அடுத்தபடி, வேண்டுமென்றே மாற்றிய நிறங்கள். 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதில் ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம். உண்மையில் ஹைட்ரஜனும் கந்தகமும் தரும் அந்த இரண்டு ஒளியும் சிவப்புதான். இரண்டையும் இருக்கிறபடியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரிக்க முடியாது. அதனால் ஒன்றைப் பச்சைக்கு நகர்த்தினார்கள். வரைபடத்தில் பகாங்குக்கு மஞ்சள் அடித்திருந்தால், பகாங் மண் மஞ்சள் என்று யாரும் நினைப்பதில்லை. எல்லை தெரிவதற்காக அடித்த மஞ்சள் அது. பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தால் போதும்.

இதுவரை என் மனசாட்சிக்குத் தொந்தரவு இல்லை.

*

இந்தக் கலையை மலேசியாவில் கற்றுக்கொள்வது ஒரு தனிக் கதை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். நிமிடக்கணக்கில் படம் எடுக்க வேண்டுமென்றால் தொலைநோக்கியும் கூடவே நகர வேண்டும். அதற்கு அதன் தாங்கியின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். வடக்கு நாட்டுக்காரர்கள் துருவ விண்மீனைப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். கோலாலம்பூரில் துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து மூன்று டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதாவது பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் பின்னால். யூடியூபில் எல்லோரும் முதல் பாடமாகச் சொல்லும் விண்மீனை நான் ஒருமுறைகூட உருப்படியாகப் பார்த்ததில்லை. ஒரு விண்மீன் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்து, திருகைத் திருகித் திருகி, கொசுக்கடியில் ஒரு மணி நேரம் போகும். முடிக்கும்போது மேகம் வந்திருக்கும்.

ஆனால் வேறு பேறுகள் நமக்கு உண்டு. வடக்கு நாட்டவர் விமானம் ஏறிப்போய்ப் பார்க்கும் தெற்கு வானம் நமக்கு இருந்த இடத்திலேயே கிடைக்கிறது. நாம் திரிசங்கு என்பதை மலாய்க்காரர்கள் திருக்கை மீனாகப் பார்த்து ‘பூரூஜ் பாரி’ என்கிறார்கள். அந்தத் தென் சிலுவைக்குப் பக்கத்தில் கரினா நெபுலா, கொஞ்சம் மேலே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து. மேகம் இடம் கொடுத்தால் எல்லாம் கைக்கெட்டும்.

படம் எடுத்த பிறகுதான் உண்மையான வேலை. ஒரே இடத்தை அறுபது, நூறு முறை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பது. இதற்கு ‘ஸ்டேக்கிங்’ என்று பெயர். நெபுலா எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சல் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அடுக்க அடுக்க இருப்பது நிலைக்கும், இல்லாதது கரையும். நூறு படம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். அதை இன்னும் பாதியாக்க வேண்டுமென்றால் நானூறு வேண்டும். பொறுமைக்கு இவ்வளவு துல்லியமான கூலி வேறு எந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ‘டார்க்’ எடுப்பது. எல்லாம் எடுத்து முடித்ததும் தொலைநோக்கியின் மூடியைப் போட்டுவிட்டு, அதே வெப்பநிலையில், அதே இரண்டு நிமிடக் கணக்கில், இருட்டையே இருபது முப்பது படம் எடுக்க வேண்டும். கறுப்பாகத்தானே வரும் என்று நினைப்போம். வராது. சிவப்பு, நீலம், வெள்ளை என்று நூற்றுக்கணக்கான புள்ளிகள் மின்னும். அவை கேமரா தன் சூட்டில் தானே உண்டாக்கிக்கொண்ட விண்மீன்கள். ஐந்தாறு டிகிரி சூடு கூடினாலே இந்தப் பொய் ஒளி ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் இரவின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அந்த இருட்டுப் படங்களின் சராசரியை நெபுலாப் படத்திலிருந்து கழித்தால், மிஞ்சுவதுதான் வானம்.

‘ஃப்ளாட்’ என்றும் ஒன்று உண்டு. விடியற்காலையில் தொலைநோக்கி வாயில் வெள்ளை பனியனைக் கட்டி, வெறும் வெளிச்சத்தைப் படம் எடுப்பது. உணரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தூசியின் நிழல் அதில் தெரியும். என்னுடையது கண்ணாடி பிரதிபலிக்கும் வகைத் தொலைநோக்கி என்பதால், ஒவ்வொரு தூசியும் நடுவில் ஓட்டையோடு உளுந்து வடை மாதிரி விழும். அதையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டவன் முதலில் தன் சூட்டையும் தன் தூசியையும் படம் எடுக்கப் பழக வேண்டும். நான் பார்ப்பதில் எவ்வளவு வானம், எவ்வளவு நான்? இதைத் தனியாக அளந்து கழிக்கும் ஏற்பாடு மற்ற விஷயங்களில் நமக்கு இல்லை. ஒருவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு முன்னால் மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்க முடிந்தால், பல சண்டைகள் நடந்திருக்காது.

*

இனி மறைத்த பாதி.

பள்ளியில் காட்டிய அந்தப் படத்துக்கு நான் நூறு படம் எடுக்கவில்லை. அன்று மேகம் விட்டு விட்டு வந்தது. நாற்பதோடு முடிந்தது. அடுக்கிப் பார்த்தால் வடிவம் இருந்தது, நிறம் இருந்தது, நுணுக்கம் இல்லை. பஞ்சு மாதிரி இருந்தது. பள்ளி நிகழ்ச்சிக்கு மூன்று நாள்தான். கணினியில், சாதாரணப் படங்களைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு பொத்தான். முப்பது நொடி.

நெபுலா முழுக்க மெல்லிய இழைகள் வந்துவிட்டன. நரம்பு நரம்பாக, பட்டு நூல் பிரிந்தாற்போல. பார்த்த எல்லோரும் அசந்துபோனார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நண்பர், “ஹப்பிள் தோத்துச்சு லா” என்று எழுதினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சிறுமியின் கேள்விக்குப் பிறகு, இரவு வீட்டுக்கு வந்து என் படத்தை 2006இல் வெளிவந்த ஹப்பிளின் ஓரியன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இழைகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை. எந்த மாபெரும் தொலைநோக்கிக்கும் தெரியாத இழைகள் என் ஆறு அங்குலக் கண்ணாடிக்குத் தெரிந்திருக்கின்றன! பறவை இறகையும் மனிதத் தலைமுடியையும் பார்த்துப் பழகிய மென்பொருள், பஞ்சைக் கண்ட இடத்தில் முடியை நட்டிருக்கிறது.

டார்க் எடுத்துக் கழித்ததும் கை வைத்ததுதான், இதுவும் கை வைத்ததுதான். அப்படியென்றால் என்ன வித்தியாசம்? நான் யோசித்து வந்து சேர்ந்த இடம் இது. படத்தில் இருக்கும் எந்தப் புள்ளியைக் காட்டி ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்டாலும் பதில் இருக்க வேண்டும். வானத்திலிருந்து வந்ததா, என் இயந்திரத்திலிருந்து வந்ததா? இயந்திரத்திலிருந்து வந்ததை அளந்து கழிக்கிறேன். வானத்திலிருந்து வந்த நிறத்தை வேறு நிறத்துக்கு மாற்றினால், மாற்றினேன் என்று சொல்கிறேன். அந்த இழைகள் இரண்டிலிருந்தும் வரவில்லை. யாரோ எங்கோ எடுத்த ஆயிரம் படங்களிலிருந்து வந்தவற்றை, 1,350 ஒளியாண்டு தாண்டி வந்த சாட்சியோடு சேர்த்து, வானத்தின் பெயரில் கொடுத்துவிட்டேன்.

“அதனால யாருக்கு என்ன நஷ்டம்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நெபுலாவை நம்பி யாரும் வீடு கட்டப்போவதில்லை. அழகான படம், பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள், அவ்வளவுதானே?

நஷ்டம் அந்தச் சிறுமிக்கு. அந்தத் திடலில் தன் கண்ணை நம்பியவள் அவள் ஒருத்திதான். புகை என்றால் புகை, நாலு புள்ளி என்றால் நாலு புள்ளி. அந்த நாலு புள்ளிதான் நெபுலாவின் இதயத்தில் இருக்கும் டிரபீசியம் விண்மீன்கள். அவற்றின் ஒளிதான் அந்த வாயு முழுவதையும் எரிய வைக்கிறது. யாரும் சொல்லாமலே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பாராட்ட வேண்டிய அந்தக் கண்ணைப் பார்த்து என் படம், ‘உனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று சொன்னது. சொன்னது வானம் அல்ல, என் அவசரம்.

*

2022 ஜூலை கடைசியில் பிரெஞ்சு இயற்பியலாளர் எத்தியென் கிளெய்ன் சமூக வலைத்தளத்தில் ஒரு படம் போட்டார். கறுப்புப் பின்னணியில் சிவந்து கொதிக்கும் வட்டம். நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்ஸிமா சென்டாரியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்தது என்று எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் வியந்தார்கள். அது ஒரு துண்டு சோரிஸோ, ஸ்பெயின் நாட்டுப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. பிறகு வேடிக்கை என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டார்.

அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூடத் திருத்தப்படவில்லை. சோரிஸோ சோரிஸோவாகத்தான் இருந்தது. ஹப்பிளின் தூண்களில் நிறம் மாற்றப்பட்டிருக்கிறது, அது பொய்யில்லை. பொய் பல நேரம் படத்தில் இருப்பதில்லை, படத்துக்குக் கீழே எழுதும் வரியில் இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதல்ல. சிறுகதையில் இல்லாத மனிதரைப் படைத்தால் அது புனைவு. அதே மனிதரைத் தன்வரலாற்றில் நுழைத்தால் பொய். வாக்கியம் ஒன்றே. வாசகரிடம் கொடுத்த வாக்குத்தான் வேறு. என் படத்துக்குக் கீழே ‘ஓரியன் நெபுலாவைப் பார்த்து உண்டான ஒரு கற்பனை’ என்று எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். எழுதியது, ‘நான் எடுத்த படம்’.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கழிப்பது எப்போதும் புண்ணியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை அறுபது படங்களை அடுக்கும்போது, ஒன்றில் மட்டும் பச்சை நிறக் கோடு ஒன்று இருந்தது. அந்த இரவு நான் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். எரிகல். பக்கத்தில் யாரும் இல்லாததால் எனக்கு நானே “ஐயோ” என்று சொல்லிக்கொண்டேன். அடுக்கி முடித்த படத்தில் அது இல்லை. அறுபதில் ஒன்று சொல்வதை மற்ற ஐம்பத்தொன்பதும் மறுத்தால் அது குப்பை என்பது மென்பொருளின் சட்டம். குறுக்கே போகும் செயற்கைக்கோள் கோடுகளை அழிப்பதும் அதே சட்டம்தான். நிலைத்திருப்பது மட்டுமே உண்மை என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு முறை நடப்பவை எல்லாம் பொய்யாகிவிடும். எனவே கழித்ததையும் வைத்திருக்கிறேன். மூலப் படங்கள் எல்லாம் ஒரு வன்தட்டில் இருக்கின்றன. அந்த எரிகல்லும்.

இதற்கு நேரெதிரான கதை ஒன்று உண்டு. ஆண்ட்ரோமீடா மண்டலத்தைவிட அதிகம் படம் எடுக்கப்பட்ட மண்டலம் எதுவும் இருக்க முடியாது. 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்ததிலிருந்து எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள். அது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் யான் சேன்டி, மார்செல் டிரெக்ஸ்லர், சாவியே ஸ்ட்ராட்னர் என்ற மூன்று அமெச்சூர்கள், ஆக்சிஜனின் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியோடு நூறு மணி நேரத்துக்கும் மேல் சேர்த்த படத்தில், மண்டலத்துக்குப் பக்கத்தில் மங்கலான நீல வில் ஒன்று தெரிந்தது. நீளத்தில் மூன்று முழுநிலவை வரிசையாக வைத்த அளவு. அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கருவியின் கோளாறாக இருக்கலாம் என்று அவர்கள் தங்களையே சந்தேகித்தார்கள். வேறு தொலைநோக்கிகள், வேறு கேமராக்கள், வேறு இடங்கள். எல்லாவற்றிலும் வில் இருந்தது. தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அது ஆண்ட்ரோமீடாவோடு சேர்ந்ததா, நம் மண்டலத்திலேயே இருப்பதா என்ற விவாதம் அதன் பிறகுதான் தொடங்கியது.

அவர்கள் என் மாதிரி ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால்? ஆண்ட்ரோமீடா எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே படித்துவைத்திருக்கும் மென்பொருளுக்கு அந்த வில் அழுக்கு. துடைத்திருக்கும், அல்லது அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த அழகைப் பூசியிருக்கும். எதிர்பார்ப்பதை வரைந்துகொடுக்கும் கருவி, எதிர்பாராததைக் காட்டாது. பொய்யான நுணுக்கத்தால் வரும் பெரிய இழப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். இல்லாததைக் கொடுப்பதோடு அது நிற்பதில்லை. இருந்து இன்னும் யாரும் பார்க்காததையும் மூடிவிடுகிறது.

புகையைப் புகை என்று சொன்ன சிறுமியும், வில்லைத் துடைக்காமல் சந்தேகித்துப் பார்த்த மூவரும் செய்தது ஒன்றுதான். என்ன தெரிய வேண்டும் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள்.

*

மறு வருடம் அதே பள்ளிக்குப் போனேன். அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். தம்பி நான்காம் ஆண்டில் இருப்பதாக ஆசிரியை சொன்னார். அவனிடம் ஓர் உறையைக் கொடுத்தேன். அதே நாற்பது படங்களைத் திரும்ப அடுக்கி, இழைகள் இல்லாமல், பஞ்சாகவே விட்டு அச்சடித்த படம். பின்பக்கம், எத்தனை படம், எத்தனை நிமிடம், சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று எழுதி, கடைசியில், ‘போன வருஷம் காட்டின படத்துல நரம்பு மாதிரி இருந்தது வானத்துல இல்லம்மா. அது என் தப்பு. நீ பார்த்த நாலு புள்ளியும் இருக்கு’ என்று எழுதியிருந்தேன். அவள் படித்தாளா என்று தெரியாது.

அந்த முறை திரையில் படம் எதுவும் காட்டவில்லை. நேராகத் திடலுக்குப் போனோம். “என்ன தெரியுதுன்னு நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்,” என்றேன். முதல் பையன் தயங்கி, “ஒன்னும் இல்ல சார்,” என்றான். அடுத்தவள், “பஞ்சு மிட்டாய் மாதிரி, ஆனா வெள்ளை,” என்றாள். “வௌவால்” என்றான் ஒருவன். “வா…வ்” என்று யாரும் கூவவில்லை. ஆனால் வரிசை நகரவே நேரமானது. பாதிப் பேர் இரண்டாவது முறை பார்க்க வந்தார்கள்.

பிறகு இன்னொரு தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, மடிக்கணினியில் பத்து நொடிப் படம் ஒன்றைக் காட்டினேன். மங்கலாக, இரைச்சலோடு வந்தது. “சார், அதே வௌவால் சார்!” என்று பின்னாலிருந்து கத்தினான். படம் அடுக்க அடுக்கச் சிவப்பு மெல்ல ஏறியது. அவர்கள் கண்ணால் பார்த்த புகைதான், கண்முன்னாலேயே நிறம் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக எழுந்துபோய்த் தொலைநோக்கியின் மூடியைப் போட்டேன்.

“மூடி போட்டுட்டு படம் எடுக்கிறாரு!” சிரிப்பு.

திரையில் புள்ளிகள் வந்தன. சிவப்பு, நீலம், வெள்ளை. சிரிப்பு நின்றது.

“இதெல்லாம் என்ன நட்சத்திரம் சார்?”

“நட்சத்திரம் இல்லப்பா,” என்றேன். “இது என் கேமரா.”